சாவிக்கொத்து போய்க் கார்டு வருகிறது: நம் கடைக்கு எது பொருந்தும்?



கடைக்கும் கிடங்குக்கும் எலெக்ட்ரானிக் பூட்டுப் போடலாமா என்று நம் உறுப்பினர்களில் பலர் இப்போது ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பெரிய ஜவுளிக் கடைகளிலும் தனியார் அலுவலகங்களிலும் ஊழியர் கழுத்தில் தொங்கும் கார்டைக் கதவருகே காட்டினால் கதவு திறந்துகொள்கிறது. சில இடங்களில் விரலை வைத்தால் திறக்கிறது, சில இடங்களில் முகத்தைக் காட்டினால் திறக்கிறது. இவற்றை விற்க வருகிறவர்கள், "இனிமேல் சாவியே வேண்டாம், திருட்டுப் பயமும் வேண்டாம்" என்கிறார்கள்.

இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு வியாபாரப் பேச்சு என்பதைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரத்தில் இருப்பவன் நான். மூன்று ஆண்டுகளாக எங்கள் கிடங்கில் ஓர் அறைக்கு மட்டும் கார்டுப் பூட்டு வைத்துப் பயன்படுத்தியும் வருகிறேன். அந்த அனுபவத்தையும், விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

பூட்டில் குறையில்லை, சாவியில்தான் குறை

நம் பக்கத்தில் பூட்டு என்றால் திண்டுக்கல்தான். 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பம்பாயில் கோத்ரெஜ் நிறுவனம் 1897ல் தொடங்கியதே பூட்டுத் தொழிலில்தான். நல்ல பூட்டு நம் நாட்டில் கிடைக்காமல் இல்லை.

இன்று கதவுகளில் இருக்கும் சாவிகளில் பெரும்பாலானவை அமெரிக்கரான லைனஸ் யேல் 1861ல் காப்புரிமை பெற்ற முறையில் அமைந்தவை. பூட்டின் உள்ளே நீளத்தில் வேறுபட்ட சிறு ஊசிகள் வரிசையாக இருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வோர் ஊசியையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் உருளை சுழலும். அதே பற்களை வேறொரு தகட்டில் வெட்டினால் அதுவும் அதே பூட்டைத் திறக்கும். பஸ் நிலையத்தருகே குடை விரித்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரருக்கு இது பத்து நிமிட வேலை. அவர் மேல் குற்றமில்லை. கேட்டவருக்குச் செய்து கொடுப்பது அவர் பிழைப்பு.

சாவியில் உள்ள குறைகள் மூன்று. முதலாவது, ஒரு சாவிக்கு எத்தனை நகல் இருக்கிறது என்பது பூட்டின் சொந்தக்காரருக்கே தெரியாது. இரண்டாவது, யார் எப்போது திறந்தார் என்று சாவி சொல்லாது. மூன்றாவது, ஒருவரிடம் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெற வேண்டுமானால் சாவியை வாங்கினால் மட்டும் போதாது, பூட்டையே மாற்ற வேண்டும். வேலையை விட்டுப் போகிறவர் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். ஆனால் அதன் நகலும் போயிற்றா என்று யார் அறிவார்?

ஆறு டின் முந்திரி

இந்த மூன்று குறைகளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் விலை உயர்ந்த சரக்குகளைத் தனி அறையில் பூட்டி வைப்பார். ஏலம், கிராம்பு, முந்திரி எல்லாம் அங்கேதான். சாவி ஐந்து பேரிடம் இருந்தது. ஓர் ஆண்டு இருப்பு எடுத்தபோது முந்திரியில் ஆறு டின் குறைந்தது.

யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் முதலாளியின் மகன் அந்த அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கணக்குப்பிள்ளைக்கு அந்தக் கடையில் இருபத்திரண்டு ஆண்டு சர்வீஸ். ஒவ்வொரு முறையும் மகனிடம் சாவிக்குக் கையேந்த வேண்டியிருந்தது. இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் கல்லாச் சாவியையும் மேசை மேல் வைத்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஆறு டின் எங்கே போயிற்று என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. திருட்டா, பில்லில் ஏறாத சரக்கா, வந்து இறங்கும்போதே குறைந்ததா, ஒன்றும் தெரியாது. முந்திரியின் மதிப்பை அந்த ஆண்டு லாபத்தில் ஈடுகட்டிவிட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்தை ஈடுகட்ட முடியவில்லை.

யார் திறந்தார் என்ற பதிவு இல்லாத இடத்தில் குற்றவாளியைப் பிடிக்க முடியாது என்பது ஒரு நஷ்டம். குற்றமற்றவர் தன்னை நிரூபித்துக்கொள்ள வழியில்லை என்பது அதைவிடப் பெரிய நஷ்டம். எலெக்ட்ரானிக் பூட்டைப் பற்றி யோசிக்கிறவர்கள் முதலில் இந்தக் கோணத்தில் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்சூரன்ஸ் பாலிசியைப் படித்துப் பாருங்கள்

சாவி விஷயத்தில் நம்மவர்கள் பலர் கவனிக்காத இன்னொன்று திருட்டுக் காப்பீடு. பொதுவாக இந்தப் பாலிசிகள், பூட்டை உடைத்தோ, சுவரைத் துளைத்தோ, பலாத்காரமாக உள்ளே நுழைந்து நடந்த திருட்டுக்குத்தான் பொருந்தும். கதவைச் சாவி போட்டு அமைதியாகத் திறந்து சரக்கை எடுத்துச் சென்றிருந்தால் இழப்பீடு கிடைப்பது கடினம். வணிக நிறுவனம் ஒன்றின் வழக்கில் 2004ல் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாகவே கூறிவிட்டது. பாலிசியில் பலாத்கார நுழைவு என்று எழுதியிருந்தால் அது நடந்திருக்க வேண்டும், பாலிசியின் வாசகத்துக்கு மேல் பொருள் கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இரும்புப் பெட்டியைச் சாவி போட்டுத் திறந்து பணம் எடுக்கப்பட்டிருந்தாலும், அந்தச் சாவியை மிரட்டியோ தாக்கியோ பறித்திருந்தால்தான் இழப்பீடு என்ற நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. சொந்தச் சிப்பந்தியே எடுத்தால் அதற்கு நம்பிக்கை மோசடிக் காப்பீடு என்று தனிப் பாலிசி இருக்கிறது.

கார்டுப் பூட்டு வந்தாலும் இந்த நிலை மாறாது. கார்டைக் காட்டித் திறந்த கதவில் உடைத்த அடையாளம் இருக்காது. ஆகவே புதுப் பூட்டு வைக்கும் முன் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எலெக்ட்ரானிக் பூட்டு எப்படி வேலை செய்கிறது?

கதவருகே கார்டைப் படிக்கும் ஒரு சிறு பெட்டி இருக்கும். கார்டுக்குள் நெல்மணி அளவு சில்லும் மெல்லிய கம்பிச் சுருளும் உள்ளன. பெட்டியிலிருந்து வரும் மின்காந்த அலையே கார்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது. கார்டு தன் எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணுக்கு இந்தக் கதவை இந்த நேரத்தில் திறக்க அனுமதி உண்டா என்று கட்டுப்பாட்டுக் கருவி தன் பட்டியலில் பார்க்கிறது. இருந்தால் பூட்டை விடுவிக்கிறது. யார், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதையும் குறித்துக்கொள்கிறது.

இதனால் கிடைக்கும் வசதிகள் உண்மையானவை. ஒருவர் கார்டைத் தொலைத்தால் பூட்டை மாற்ற வேண்டாம், பட்டியலில் அந்த எண்ணை நீக்கினால் போதும். கடைப்பையனின் கார்டு காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரைதான் செல்லும் என்று நேரம் வைக்கலாம். பாங்கு பெட்டகத்தை இரண்டு அதிகாரிகள் இரண்டு சாவியால் திறப்பதுபோல, இரண்டு பேர் கார்டு காட்டினால்தான் திறக்கும்படி வைக்கவும் சில கருவிகளில் வசதி உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் உள்ளறையில் ஏலக்காய் இருப்பில் இரண்டு கிலோ இடித்தது. பதிவை எடுத்துப் பார்த்தோம். அன்று அந்த அறை ஆறு முறை திறந்திருக்கிறது. சிட்டையில் ஐந்து முறைதான் சரக்கு எடுத்த குறிப்பு இருந்தது. காலை 11 மணி 40 நிமிடத்துக்குத் திறந்தவரைக் கேட்டதும், "சிவகங்கைப் பார்ட்டிக்கு அவசரமா அனுப்பினோமே, அந்தச் சரக்கு" என்றார். வாடிக்கையாளருக்குப் போன் செய்தோம். சரக்கு வந்தது, பில்தான் வரவில்லை என்றார். விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. யாரும் யாரையும் ஒரு மாதிரியாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கதவு திறந்ததைத்தான் பூட்டு சொன்னது. என்ன எடுத்தார்கள் என்று அது சொல்லாது. சிட்டையும் இருப்புக் கணக்கும் சரியாக எழுதப்பட்டிருந்ததால்தான் அந்தப் பதிவு பயன்பட்டது. சிட்டை எழுதாத கடையில் கார்டுப் பூட்டு வைத்துப் பயனில்லை.

எதில் என்ன குறை?

எண் அழுத்தும் பூட்டு மலிவானது. நான்கு இலக்க எண் என்றால் 10,000 வகை உண்டு என்று சொல்லி விற்பார்கள். ஆனால் மளிகைக் கடையில் கையில் மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் எண்ணெயும் இருக்கும். நாள்தோறும் அழுத்தும் நான்கு பொத்தான்களில் மட்டும் கறை ஏறிவிடும். வெவ்வேறான அந்த நான்கு எண்களை மாற்றி மாற்றி வைத்தால் 24 வகைதான் வரும். நின்று அழுத்திப் பார்த்தால் சில நிமிட வேலை. தவிரவும் எண் என்பது வாய் வழியாகப் பரவும். ஒருவரிடம் சொன்னது நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

விரல் ரேகையை யாரும் இரவல் கொடுக்க முடியாது, அது அதன் சிறப்பு. ஆனால் மூட்டை தூக்குகிறவர்களின் விரல் தேய்ந்திருக்கும். மாவும் தூளும் படிந்த விரலையும் கருவி ஏற்காது. ரேஷன் கடையில் ரேகை விழாமல் பெரியவர்கள் படும் பாட்டை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? கார்டு தொலைந்தால் வேறு கார்டு கொடுக்கலாம். ரேகைப் பதிவு திருடு போனால் ஒருவருக்கு வேறு விரல் கொடுக்க முடியாது. தனிநபர் தகவல்களைக் காக்க 2023ல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. 2025 நவம்பரில் அதற்கான விதிகளும் வெளியாகிப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ரேகையும் முகமும் அந்தச் சட்டத்தின்கீழ் வரும் தகவல்களே. சிப்பந்தியின் ரேகையை வாங்கினால் எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதம் பெற்று, அவர் வேலையை விட்டதும் அழித்துவிடுவதே முறை.

கார்டுகளிலும் தரம் உண்டு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு தன் எண்ணைக் கேட்டவருக்கெல்லாம் சொல்லிவிடும். அதை நகல் எடுக்கும் கருவியும் மலிவாகவே விற்கிறது. அப்படியானால் சாவிக்காரரின் குடையடியில் இருந்த அதே நிலைதான். 1994 முதல் உலகெங்கும் பரவிய இன்னொரு கார்டு வகையின் ரகசியக் குறியீட்டை 2008ல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். வாங்கும்போது "எளிதில் நகல் எடுக்க முடியாத, குறியீட்டுப் பாதுகாப்புள்ள கார்டா?" என்று கேளுங்கள். அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

செல்போனில் திறக்கும் பூட்டும் வந்திருக்கிறது. அதை இயக்கும் கம்ப்யூட்டர் வேறு எங்கோ இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஒரு பூட்டுக் கம்பெனி தொலைவிலிருந்து அனுப்பிய மென்பொருள் மாற்றத்தால் சுமார் 500 பூட்டுகள் வேலை செய்யாமல் போயின.

தோற்காத பூட்டு என்று ஒன்று இல்லை. லண்டனில் பிராமா என்பவரின் பூட்டுக் கடை ஜன்னலில், இந்தப் பூட்டைச் சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிப்பு வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் யாராலும் முடியவில்லை. 1851ல் பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் பதினாறு நாட்களில் 51 மணி நேரம் உழைத்துத் திறந்துவிட்டார். 2024 மார்ச்சில் அதே கதை வேறு உருவில் நடந்தது. ஓட்டல்களில் உள்ள ஒரு வகைக் கார்டுப் பூட்டை எளிதாகத் திறக்கும் வழியை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அந்த வகைப் பூட்டு 131 நாடுகளில் 30 லட்சம் கதவுகளில் இருந்தது. பூட்டு என்பது நேரம் வாங்கித் தரும் பொருள். அந்த நேரத்துக்குள் யாராவது பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் நாம் இரவுக் காவலருக்கும் சம்பளம் கொடுக்கிறோம்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. எலெக்ட்ரானிக் பூட்டுகளில் இரண்டு இனம் உண்டு. காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும் வரைதான் பிடித்திருக்கும், மின்சாரம் நின்றால் திறந்துவிடும். மற்றொரு இனம் மின்சாரம் நின்றால் பூட்டியபடியே இருந்துவிடும். முதலாவதில் சரக்குக்கு ஆபத்து, இரண்டாவதில் உள்ளே இருக்கும் ஆளுக்கு ஆபத்து ஏற்படலாம்.

காந்தப் பூட்டுக்குப் பாட்டரி வைப்பார்கள். சாதாரணமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி. பூட்டு அரை ஆம்பியர் எடுத்தால் ஏட்டுக் கணக்கில் 14 மணி நேரம் வரும். மற்றக் கருவிகளும் சேர்ந்து இழுத்தால், பாட்டரியும் பழசானால், அதில் பாதி வந்தாலே அதிகம். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படி ஒரு நிலையில் காந்தப் பூட்டை நம்பிய கிடங்கு திறந்த கிடங்குதான். ஆகவே எலெக்ட்ரானிக் பூட்டு உள்ள எந்தக் கதவுக்கும் இரும்புப் பூட்டும் வளையமும் கூடவே இருக்கட்டும்.

கம்ப்யூட்டர் உலகின் ஜாம்பவான்களுக்கே இந்தச் சங்கடம் வந்திருக்கிறது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனத்தின் சேவைகள் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் நின்றன. அன்று அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் சிலருக்கே அலுவலகக் கதவு கார்டுக்குத் திறக்கவில்லை என்று செய்திகள் வெளியாயின. கதவைத் திறக்கும் ஏற்பாடும் அதே வலைப்பின்னலை நம்பியிருந்தால் நெருக்கடி நேரத்தில் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

இதைவிட முக்கியமானது உயிர். 1911 மார்ச் 25ஆம் தேதி நியூயார்க் நகரில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் ஒரே வழியாகப் போனால்தான் பையைச் சோதித்துத் துணி திருட்டைத் தடுக்கலாம் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. நூற்றாண்டுக்குப் பின்னும் நம் நாட்டில் தீ விபத்துச் செய்தி வரும்போது "கதவு பூட்டியிருந்தது" என்ற வரியையும் சேர்த்துப் படிக்க நேர்கிறது. வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவியின்றித் திறக்க முடிய வேண்டும் என்று நம் தேசியக் கட்டட விதித் தொகுப்பும் சொல்கிறது. கார்டு வைத்தாலும் சாவி வைத்தாலும் உள்ளே இருப்பவர் கையால் ஒரு தள்ளுத் தள்ளினால் கதவு திறக்க வேண்டும். எண்ணெயும் சாக்கும் அட்டைப் பெட்டியும் அடுக்கியிருக்கும் நம் கிடங்குகளுக்கு இது வேறு யாரையும்விட அதிகமாகப் பொருந்தும். இரவு கிடங்கில் படுக்கும் ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே அதை விட்டுவிட வேண்டும்.

சாவி ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது

கார்டு வந்தால் சாவி இல்லை என்பது சரியல்ல. யாருக்கு அனுமதி என்ற பட்டியலை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் இப்போது சாவி இருக்கிறது. அதற்கு ஒரு தலைமை எண் உண்டு. புதிதாக வரும் கருவிகளில் கம்பெனி வைத்த எண்ணே இருக்கும். ஒரே மாதிரிக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண். கூட வரும் கையேட்டிலேயே அது அச்சிட்டிருக்கும். பூட்டிவிட்டுப் போகும் மெக்கானிக் அதை மாற்றாமலே போய்விடுவார். அப்படியே விட்டால் அந்தக் கருவியைத் தெரிந்த எவரும் தனக்கு ஒரு கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்மில் வயதானவர்கள், "இதெல்லாம் பையன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிடுகிறோம். பையன் பார்க்கட்டும். ஆனால் தலைமை எண்ணை மாற்றுவது எப்படி, ஒரு பெயரை நீக்குவது எப்படி என்ற இரண்டையும் முதலாளி தன் கையால் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. தராசும் பில் மெஷினும் கற்றுக்கொண்டவர்களுக்கு இது பெரிய வித்தையா?

எந்தக் கதவுக்கு எது?

முன்பக்க ஷட்டருக்கு இரும்புப் பூட்டே சரி. திருடர்கள் ஷட்டரை நெம்பித்தான் நுழைகிறார்கள். அங்கே கார்டால் பயனில்லை, பக்கப் பூட்டும் நடுப்பூட்டும் பலமாக இருக்க வேண்டும். பெரிய கிடங்குக் கதவு நாளெல்லாம் லோடு ஏற்ற இறக்கத் திறந்தே கிடக்கும். அதற்கும் கார்டு வீண்.

விலை உயர்ந்த சரக்கு வைக்கும் உள்ளறைக்குக் கார்டுப் பூட்டு மிகவும் பொருந்தும். பல பேர் பல முறை திறக்கும் சிறு கதவு அது. கணக்கு அறைக்கும் வைக்கலாம். எங்கள் உள்ளறைக்குப் பூட்டு, கருவி, பாட்டரி, கூலி எல்லாம் சேர்த்து ரூ.18,000 ஆயிற்று. அந்த அறையில் இருக்கும் சரக்குக்கு அது பெரிய செலவல்ல.

முதலாளியும் ஒரு பையனும் மட்டும் இருக்கும் சிறு கடைகளுக்கு இது எதுவும் தேவையில்லை. நல்ல பூட்டு ஒன்று, சாவி இரண்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சாவியை யார் எத்தனை மணிக்கு வாங்கினார், எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுத்தார் என்று கையெழுத்து வாங்குங்கள். கார்டுப் பூட்டு தரும் பதிவில் முக்கால்வாசி அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும்.

பூட்டு வைக்க முடிவு செய்தவர்கள் கவனிக்க

1. கட்டுப்பாட்டுக் கருவி அறைக்கு உள்ளே இருக்கட்டும். கார்டைப் படிக்கும் பெட்டி மட்டும் வெளியே இருக்கட்டும். எல்லாம் ஒரே பெட்டியில் வெளியே இருந்தால், அதைக் கழற்றிக் கம்பியை இணைத்தே கதவைத் திறந்துவிடலாம்.

2. மெக்கானிக் கிளம்பும் முன் அவர் எதிரிலேயே மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். பூட்டு என்ன செய்கிறது, உள்ளிருந்து வெளியே வர முடிகிறதா என்று நீங்களே உள்ளே நின்று பாருங்கள்.

3. அன்றே தலைமை எண்ணை மாற்றுங்கள். அதை எழுதி உறையிலிட்டு ஒட்டி, வீட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்கு அது இருக்கும் இடம் தெரியட்டும். முதலாளிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் கடை நிற்கக் கூடாது.

4. ஆளுக்கு ஒரு கார்டு. இரண்டு பேருக்கு ஒரு கார்டு கொடுத்தால் பதிவுக்கு அர்த்தமில்லை. முதலாளி கார்டையும் யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது.

5. வேலையை விட்டவர் பெயரைக் கணக்கு முடித்த அன்றே நீக்குங்கள்.

6. வாரம் ஒரு நாள் பதிவைச் சிட்டையோடு ஒத்துப் பாருங்கள். கருவியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். நேரம் தவறிய பதிவு குற்றமற்றவரை மாட்டிவிடும்.

7. பாட்டரி எப்போது வைத்தது என்று அதன் மேலேயே தேதி எழுதி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதியுங்கள்.

சிப்பந்திகளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்

திடீரென்று ஒரு காலையில் கதவில் கருவியை மாட்டினால், "நம்மளத் திருடன்னு நெனைக்கிறாங்க" என்ற எண்ணம் வேலையாட்களுக்கு வரத்தான் செய்யும். எங்கள் கடையில் முதல் நாளே எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். பதிவில் என் கார்டும் என் மகன் கார்டும் ஏறும், சரக்குக் குறைந்தால் எங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று சொன்னேன். பதிவைக் கணக்குப்பிள்ளையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவரை அந்தப் பதிவை வைத்துக் கேள்வி கேட்பதில்லை என்றும் முடிவு செய்தோம். இல்லாவிட்டால் சரக்குக்கு வைத்த பூட்டு ஆளுக்கு வைத்த பூட்டாகிவிடும்.

நம் வியாபாரம் நாணயத்தில் நடக்கிறது. கடன் கொடுப்பதும், லாரியில் சரக்கு அனுப்புவதும், கல்லாவை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போவதும் நம்பிக்கையில்தான். நம்பிக்கைக்குப் பதிலாக எந்தக் கருவியும் வராது. ஆனால் நம்பியவர் மேல் காரணமில்லாமல் சந்தேகம் விழாமல் காக்க ஒரு நல்ல பதிவு உதவும். அது நோட்டாக இருந்தாலும் சரி, கார்டாக இருந்தாலும் சரி.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டு விற்பவர்கள் மூன்று, நான்கு பேரை ஒரே நாளில் சங்கக் கட்டடத்துக்கு வரவழைத்து, கருவிகளை உறுப்பினர்கள் முன் இயக்கிக் காட்டச் சொல்லலாம். மின்சாரத்தை நிறுத்திக் காட்டச் சொல்லலாம். பல கடைக்காரர்கள் சேர்ந்து வாங்கினால் விலையும் குறையும், பிறகு பழுது பார்க்க ஆளும் வருவார். இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி ஒருவரையும் அன்றே அழைத்துப் பாலிசி நிபந்தனைகளை விளக்கச் சொன்னால் உறுப்பினர்கள் அனைவருக்கும் பயன்படும்.

அதுவரை ஒரு வேலையை மட்டும் இன்றிரவே செய்துவிடுங்கள். கடை அடைக்கும் முன் உங்கள் கடைச் சாவிகளை மேசையில் பரப்பி, எந்தச் சாவி எந்தக் கதவுக்கு, அதன் நகல் யாரிடம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யாரிடம் என்று எழுத முடியாமல் நிற்கும் சாவி ஏதேனும் இருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக அந்தப் பூட்டை மாற்றுங்கள்.